அறுபது வயதுப் பிள்ளை

நம் பங்குகளில் அவரை அறியாதவர் இலர். காலை மணி அடிப்பதற்கு முன்பே கோவில் வாசலில் நிற்பார். ஆண்கள் பக்கத்தில் மூன்றாம் தூணருகே எப்போதும் அதே இடம். தெரியாமல் வேறொருவர் அங்கே அமர்ந்துவிட்டால் சண்டைக்கு வரமாட்டார். ஆனால் அன்று முழுவதும் அவருக்கு நிலைகொள்ளாது. நீங்கள் பிறந்த தேதியைச் சொன்னால் அது என்ன கிழமை என்பதை உடனே சொல்லிவிடுவார். முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். திருவிழாவில் வெடி போடும் வேளையில் காதுகளைப் பொத்திக்கொண்டு வயல் வரப்போடு வெகுதூரம் போய்விடுவார். மணம் முடிக்கவில்லை. தாய் இருந்தவரை தாயோடு வாழ்ந்தார். பின்பு தம்பி வீட்டில். ஊரார் அவரை அப்பிராணி என்பர். சிலர் 'ஒரு மாதிரி' என்பர். அதற்குமேல் ஒரு பெயரை யாரும் அவருக்குத் தந்ததில்லை.

அம்பாசமுத்திரத்திலிருந்து திருவைகுண்டம் வரை, தாமிரபரணிக் கரையில் எந்த ஊர்க்காரரிடம் சொன்னாலும், "எங்கள் ஊரிலும் ஒருவர் உண்டு" என்பார். பிள்ளையாய் இருந்தபோது கண்டவர்கள் இன்னும் பிள்ளையாகவே நினைக்கின்றனர். ஆனால் அவருக்கும் வயது ஏறிக்கொண்டுதான் வருகிறது. இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார்.

ஒருநாள் தம்பி மகன் சொல்கிறான்: "பெரியப்பா இப்போதெல்லாம் மறந்துவிடுகிறார். நேற்று வாய்க்கால் பாலத்தில் நின்றுகொண்டு வீட்டுக்கு வழி கேட்டாராம்." வீட்டில் ஆளுக்கொரு விடை. வயதானால் அப்படித்தான் என்பார் ஒருவர். "அவர் என்றைக்கு நம்மைப்போல் இருந்தார்?" என்று இன்னொருவர் சொல்லிவிட, பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. அப்படி முடிந்துவிடக் கூடாது என்பதற்காகவே இம்மாதம் இப்பக்கத்தை அவருக்கு ஒதுக்கினோம்.

இத்தகையவருள் பலர் ஆட்டிசம் என்னும் இயல்போடு பிறந்தவராய் இருக்கக்கூடும். எல்லாரும் அல்லர், அதை மருத்துவரே ஆய்ந்து கூற வேண்டும். தமிழில் இதனை மதியிறுக்கம் என்றும் எழுதுகின்றனர். அச்சொல் நமக்கு அவ்வளவு உவப்பாயில்லை. இவர்களுடைய மதி இறுகியதன்று. வேறு வழியில் ஓடுவது. பிறரோடு பேசிப் பழகும் முறையில் வேறுபாடு, ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வதில் அமைதி, மாற்றத்தைக் கண்டால் கலக்கம், ஒலி ஒளி தொடுகை ஆகியவற்றை நம்மினும் மிகையாகவோ குறைவாகவோ உணர்தல் என்பவை இதன் அடையாளங்கள். இது பிறவியிலேயே அமைவது. தாயின் பாசக் குறைவால் வருகிறது என்று ஒரு காலத்தில் மேல்நாட்டு மருத்துவர்களே எழுதி, எண்ணற்ற தாய்மாரைக் கண்ணீர் விடச் செய்தனர். அது பொய் என்று நிலைநாட்டப்பட்டுப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. நம் ஊர்ப் பெண்களில் இன்னும் யாரேனும் அக்குற்ற உணர்வைச் சுமந்துகொண்டிருந்தால், இன்றே இறக்கி வைத்துவிடலாம்.

இவருக்கு ஏன் பெயர் கிடைக்கவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. பாளையங்கோட்டையில் கண் தெரியாதோருக்கும் காது கேளாதோருக்கும் சீர்திருத்த சபைச் சகோதரிகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளி தொடங்கிவிட்டனர். கண்ணும் காதும் வெளியே தெரியும் குறைகள், இதுவோ அப்படியன்று. லியோ கானர் என்ற குழந்தை மனநல மருத்துவர் அமெரிக்காவில் 11 குழந்தைகளைப் பற்றிக் கட்டுரை எழுதியது 1943இல். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இது தனியிடம் பெற்றது 1980இல். நம் நாட்டில் 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் இப்பெயர் இல்லை. 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில்தான் முதலில் இடம்பெற்றது. பின்னர் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் ஏறியது. 1958இல் பிறந்த ஒருவருக்குச் சட்டம் ஒரு பெயர் வழங்கியபோது அவருக்கு வயது 41. அதற்குள் பள்ளி, வேலை, திருமணம் என்ற வாசல்கள் எல்லாம் ஒவ்வொன்றாய் அடைபட்டுப் போயிருந்தன. இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டன் நாட்டிலேயே 40 வயதைக் கடந்த ஆட்டிசம் உடையோருள் பத்தில் ஒன்பது பேர் அவ்வாறு கண்டறியப்படாமலே வாழ்கின்றனர் என அண்மையில் மதிப்பிட்டுள்ளனர்.

இனி அந்தத் தம்பி மகனின் கவலைக்கு வருவோம். முதுமை வந்தால் இவர்களுடைய நினைவும் சிந்தனையும் என்ன ஆகின்றன?

வயது ஏற ஏற எல்லாருக்குமே சிலவற்றில் தளர்ச்சி உண்டாகும். மனம் மெதுவாக ஓடும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று செய்திகளைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவது கடினமாகும். முகம் நினைவிருக்கும், பெயர் வராது. ஆட்டிசம் உடையோருக்கோ, ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாறுவதும், திட்டமிட்டு வேலையை வரிசைப்படுத்துவதும் இளமையிலேயே கடினம். ஏற்கெனவே குறுகலாய் இருந்த வரப்பு மழையில் இன்னும் சிறிது கரைந்தால், நடப்பவருக்கு அது பெரிதாய்த் தெரியுமன்றோ? அதுபோல, பிறரிடத்தில் கவனிக்கப்படாத சிறு தளர்ச்சியும் இவரிடத்தில் பளிச்சென்று தெரியும்.

எனினும் அச்சத்துக்கு உடனே இடங்கொடுக்க வேண்டியதில்லை. ஹாலந்து நாட்டில் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 20 முதல் 79 வயது வரையுள்ளோரை ஆராய்ந்து 2016இல் முடிவை வெளியிட்டனர். ஆட்டிசம் உடையோரிடம் வயதோடு வரும் தேய்வு மற்றவர்களைவிட வேகமாய் இல்லை. கண்ணால் கண்டதை நினைவில் வைத்தல் போன்ற சிலவற்றில் அது குறைவாகவே காணப்பட்டது. ஆனால் அவ்வாய்வில் பங்குகொண்டோர் அறிவு வளர்ச்சிக் குறைவு இல்லாதவர்கள். தாமாகவே வந்து தேர்வு எழுதும் அளவுக்கு வாழ்க்கையை நடத்தியவர்கள். 2021இல் அமெரிக்காவில் வெளிவந்த மற்றோர் ஆய்வு வேறு கதை சொல்கிறது. ஏழைகளுக்கும் ஊனமுற்றோருக்கும் அரசு அளிக்கும் மருத்துவக் காப்பீட்டின் பதிவேடுகளை அலசியபோது, 65 வயதுக்கு முன்பே முதுமறதி நோய் எனக் குறிக்கப்பட்டோர் ஆட்டிசம் உடையோரிடையே ஏறத்தாழ இரண்டரை மடங்கு மிகுதி எனத் தெரியவந்தது.

இரண்டில் எதை நம்புவது? நம் எண்ணத்தில் இரண்டுமே உண்மை. இரண்டும் வெவ்வேறு மனிதரைப் பற்றியவை. பின்னதில் உள்ளோர் வறுமையும் பல நோய்களும் பல மாத்திரைகளும் சேர்ந்து வாட்டியவர்கள். மேலும் மருத்துவர் மறதி நோய் என எழுதியதெல்லாம் மறதி நோய்தானா என்ற கேள்வியும் உண்டு. அக்கேள்வியே நம் பெரியப்பாவுக்கும் மிக முக்கியமானது.

மறதியைச் சோதிக்கும் மருத்துவர் என்ன கேட்பார்? இன்று என்ன தேதி, என்ன கிழமை, நூற்றிலிருந்து ஏழு ஏழாய்க் கழித்துச் சொல்லுங்கள், நான் சொன்ன மூன்று சொற்கள் யாவை என்பன போன்றவை. நாட்காட்டியே மூச்சாய் வாழ்ந்தவர் தேதியையும் கிழமையையும் பிசகின்றிச் சொல்வார்; அவருக்கு நோயே இல்லை என்று எழுதி அனுப்பிவிடலாம். வீட்டில் அவரோ சட்டையை மாற்ற மறந்து, அடுப்பை அணைக்க மறந்து திணறிக்கொண்டிருப்பார். இதற்கு நேர்மாறாகவும் நிகழும். மின்விசிறியின் இரைச்சலும், வெளியே காத்திருப்போரின் கூச்சலும், முன்பின் அறியாத முகமும் சேர்ந்து அவரை வாயடைக்கச் செய்துவிடும். பதில் தெரிந்திருந்தும் ஒரு சொல்லும் சொல்லார். நோய் முற்றிவிட்டது என்று எழுதிவிடலாம்.

வீட்டார் ஏமாறும் இடம் இன்னொன்று. சிறுவயதில் பூசைக்கு உதவி செய்தவராயின், அன்று கற்ற இலத்தீன் மறுமொழிகளை அவர் இன்றும் ஒரு சொல் தவறாமல் சொல்லக்கூடும். எந்த ஆண்டு கொடியேற்றத்தில் மழை பெய்தது என்பதும் அவருக்கு நினைவிருக்கலாம். "இவ்வளவும் நினைவிருக்கிறவருக்கு மறதியா?" என்று நாம் வியந்து விட்டுவிடுகிறோம். மறதி நோய் முதலில் அரிப்பது நேற்றைய நினைவை. அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய நினைவு நெடுநாள் நிற்கும். ஆகவே பழையது இருக்கிறது என்பதால் புதியதும் பத்திரமாயிருக்கிறது என்று கொள்ளலாகாது.

அப்படியாயின் எதைக் கொண்டு அளப்பது? அவரை அவரோடேயே ஒப்பிட்டுத்தான். ஐந்து ஆண்டுகளுக்கு முன் எப்படியிருந்தார், இன்று எப்படியிருக்கிறார்? பானைகளை வரிசையாய் நிரப்பி வைப்பவர் அவ்வரிசையை விட்டுவிட்டாரா? ஆற்றுப் படித்துறைக்குப் போய்த் தாமே திரும்புபவர் வழி தவறுகிறாரா? உயிராய் நேசித்த நாட்காட்டியை ஏறெடுத்தும் பார்க்காமல் இருக்கிறாரா? புதிதாய்க் கை நடுங்குகிறதா, அடிக்கடி விழுகிறாரா, நடை குறுகிவிட்டதா? ஆட்டிசம் உடையோரிடம் முதுமையில் உடல் விறைப்பும் மந்தநடையும் மிகுதியாய்க் காணப்படுவதாக ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். வாழ்நாள் முழுதும் உள்ள விந்தைகள் நோயின் அடையாளங்கள் அல்ல; அவ்விந்தைகள் மறைவதே சில வேளைகளில் அடையாளமாகும்.

வீட்டில் இருந்துவிட்ட அத்தைகளையும் நாம் மறந்துவிடலாகாது. ஆண் ஒருவர் தெருவில் தனித்து நடந்தால் ஊர் கவனிக்கும்; பெண் அடுக்களைக்குள் ஒதுங்கினால் அடக்கமானவள் என்று பெயரிட்டு விட்டுவிடும். ஆலங்குளம், முக்கூடல் பக்கங்களில் திண்ணையில் அமர்ந்து பீடி சுற்றும் பெண்களிடையே, யாரோடும் பேசாமல், எண்ணிக்கை ஒன்றுகூடப் பிசகாமல் கட்டுக் கட்டாய் அடுக்கிவைத்த ஒருத்தி இருந்திருப்பாள். அவளுடைய எண்ணிக்கை தவறத் தொடங்கினால், கங்காணி திட்டுவார். யாரும் மருத்துவரிடம் சொல்லமாட்டார்கள்.

மாற்றம் உண்மைதான் என்று தெரிந்தபின்னும், உடனே மறதி நோய் என்று முடிவு கட்டக் கூடாது. சரிசெய்யத்தக்க காரணங்கள் ஏராளம். காது மந்தமாகியிருக்கலாம், கண்ணில் புரை வளர்ந்திருக்கலாம். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு ஆகிய இரண்டுமே மனத்தை மந்தமாக்கும். இரத்தச் சோதனையில் தெரிந்துவிடும். பல்வலியோ வயிற்றுவலியோ இருக்கலாம். தம் வலியை இன்ன இடமென்று சுட்டிச் சொல்ல இவர்களில் பலருக்கு வராது. அடம்பிடிப்பதாகவும் உண்ண மறுப்பதாகவுமே அது வெளிப்படும். ஓரிரு நாட்களுக்குள் திடீரெனக் குழம்பினால், அது பெரும்பாலும் சிறுநீர்த் தொற்றோ, சர்க்கரை ஏறி இறங்குவதோ, உடலில் உப்புச் சத்துக் குறைவோ ஆகும். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மாத்திரைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மனத்தை அமைதிப்படுத்தவென்று பல ஆண்டுகளாய்க் கொடுக்கப்படும் மாத்திரைகளோடு, கைநடுக்கத்தைத் தடுக்க டிரைஹெக்சிபெனிடில் என்னும் மருந்தையும் சேர்த்துக் கொடுப்பது நம் நாட்டில் வழக்கம். முதியோருக்கு அது மறதியையும் குழப்பத்தையும் உண்டாக்க வல்லது. எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஆனால் எல்லாச் சீட்டுகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டுபோய், "இவை இன்னும் வேண்டுமா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவும் நரம்பியல் பிரிவும் ஒரே வளாகத்தில் உள்ளன.

துயரமும் ஒரு காரணம். தாய் இறந்த வீட்டில் எல்லாரும் அழுவர், இவர் அழமாட்டார். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று நினைத்துவிடுவோம். மூன்று மாதம் கழித்து அவர் பேச்சை நிறுத்துவார், குளிக்க மறுப்பார். 2023 டிசம்பர் 17, 18 நாட்களின் பெருவெள்ளத்தை நாம் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு, திருவைகுண்டம் தீவாயிற்று. பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும் தஞ்சம் புகுந்தோர் பலர். இடம், படுக்கை, உணவு, மணியோசை எல்லாம் ஒரே இரவில் மாறிப்போவது நமக்குத் துன்பம். நாளின் ஒழுங்கையே ஊன்றுகோலாய்க் கொண்ட முதியவருக்கோ அது அறிவையே நிலைகுலைக்கும் அடி. அத்தகைய குழப்பத்தை மறதி நோய் எனத் தீர்ப்பிடுமுன், பழைய ஒழுங்கைத் திருப்பிக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

இவை அனைத்தையும் அறிந்துகொள்ள, அவருடைய பழைய நிலையை அறிந்த ஒருவர் வேண்டும். அதுவே இங்குள்ள பெரிய சிக்கல். அவரை முற்றும் அறிந்தவள் தாய். அவளுக்கு இப்போது 85 வயது. அல்லது அவள் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறாள்.

கானரின் 11 குழந்தைகளுள் முதல்வர் டொனால்ட் டிரிப்லெட். 1933இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பாரஸ்ட் என்னும் சிற்றூரில் பிறந்தவர். நான்கு வயது நிரம்புமுன் விடுதி ஒன்றில் விடப்பட்டார். ஓராண்டு சென்றபின் பெற்றோர் மனம் பொறாமல் திரும்ப அழைத்துக்கொண்டனர். வழக்கறிஞரான தந்தை 1938இல் மகனைக் கானரிடம் காட்டுமுன், அவனைப் பற்றித் தாம் கண்டதையெல்லாம் 33 பக்கக் கடிதமாய் எழுதி அனுப்பினார். என்ன உண்பான், எதற்கு அஞ்சுவான், எச்சொல்லை எப்பொருளில் ஆள்வான், எதைச் சுழற்றி விளையாடுவான் என்றெல்லாம் அதில் இருந்தன. மருத்துவ உலகம் ஆட்டிசத்தை அறிந்துகொண்டதில் அத்தந்தையின் கடிதத்துக்குப் பெரும் பங்குண்டு.

டொனால்ட் சிலகாலம் ஓர் உழவர் குடும்பத்தோடு வாழ்ந்தார். சோளவரிசைகளை எண்ணிக்கொண்டே ஏர் ஓட்டினார். பின்பு கல்லூரியில் பட்டம் பெற்று, தாயின் குடும்பத்தார் நடத்திய வங்கியில் வேலை பார்த்தார்; கார் ஓட்டினார்; உலகின் பல நாடுகளைச் சுற்றி வந்தார். பெற்றோர் மறைந்த பின்னும் அதே வீட்டில், அதே ஊரில் வாழ்ந்து 2023இல் 89 வயதில் இறந்தார். அவரைத் தேடிவந்த பத்திரிகையாளரிடம், "அவர் மனத்தை நோகச் செய்தால் எங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்" என்ற பொருளில் ஊரார் எச்சரித்தார்களாம். அவருடைய குடும்பம் செல்வக் குடும்பம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவ்வூராரின் காவல் பணத்தால் வாங்கப்பட்டதன்று.

கானர் 1971இல் அந்த 11 பேரும் என்னவாயினர் என்று தேடி எழுதினார். அரசு மனநோய் மருத்துவமனைகளில் அடைக்கப்பட்டோர் விரைவிலேயே தம் வியத்தகு நினைவாற்றலை இழந்துவிட்டனர்; தமக்குப் பிரியமான பொருள்களில் இருந்த நாட்டமும் போய்விட்டது. அவர்கள் அப்போது முதியோரும் அல்லர். நினைவு வயதால் மட்டுமா போகிறது? கேட்பாரின்றியும் போகிறது.

ஆகவே வாசக அன்பர்களே, உங்கள் வீட்டில் இத்தகைய ஒருவர் இருந்தால், இந்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தாய் உயிரோடிருந்தால் அவரருகே அமர்ந்து கேட்டு எழுதுங்கள். பிறந்த நாள் தெரியாவிட்டால் பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கும். எத்தனை வயதில் பேசினார், எதைக் கண்டு அஞ்சுவார், அஞ்சினால் எது அமைதிப்படுத்தும், வலித்தால் எப்படிக் காட்டுவார், என்ன உண்ணார், காலை எழுந்தது முதல் இரவு வரை என்ன வரிசையில் செய்வார், தனியாய் எதுவரை போய் வருவார், எவ்வளவு பணம் எண்ணுவார், எந்த மருந்தை எந்த ஆண்டு முதல் உண்கிறார் என்று எழுதுங்கள். பெரிய நடை வேண்டியதில்லை. தாய் சொன்ன சொல்லே போதும். இயன்றால் அவரையே கேட்டு எழுதுங்கள். அவருக்கும் தம்மைப் பற்றிச் சொல்ல உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேதியிட்டு, மாறியதை மட்டும் சேர்த்துக்கொண்டே வாருங்கள். மருத்துவரிடம் போகும்போது கடைசி இரண்டு பக்கங்களைக் காட்டினால், பத்து நிமிடக் கேள்விகளில் கிடைக்காதது அவருக்குக் கிடைத்துவிடும்.

தாய்க்குப் பின் யார் பொறுப்பு என்பதையும் அதிலேயே எழுதுங்கள். தாமே முடிவெடுக்க இயலாதவராயின், 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சித் தலைவரை உள்ளடக்கிய உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டபூர்வக் காப்பாளரை நியமிக்கலாம். விவரத்தைக் கொக்கிரகுளத்திலுள்ள ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நலப் பிரிவில் கேட்டறியலாம். தென்காசி, தூத்துக்குடி மாவட்டத்தார் தத்தம் ஆட்சியர் அலுவலகங்களில் கேட்கலாம். தம் காரியத்தைத் தாமே சொல்லத் தெரிந்தவருக்குக் காப்பாளர் வேண்டியதில்லை. வயதாகிவிட்டது என்பதற்காக அவர் கையெழுத்தைப் பறிப்பது அநியாயம்.

நோட்டுக்கு ஒரு பிரதி எடுத்து, அடுத்துப் பொறுப்பேற்கப் போகிறவரிடம் கொடுங்கள். மூலத்தை நல்ல பிளாஸ்டிக் உறையில் சுற்றிப் பரண்மேல் வையுங்கள். ஆறு எப்போது வீட்டுக்குள் வரும் என்று யார் கண்டார்?